ஐந்தாம் குழி

1953 ஜனவரி 12, திங்கள்

நேற்று ஆலயத்தில் ஆறு பேர் உட்காரும் பெஞ்சு முழுவதும் எனக்கே. கார்பாலிக் சோப்பை இரண்டு தடவை போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. போதகர் அயலானை நேசிப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். என் அயலார் எல்லோரும் எதிர்வரிசையில் இருந்து கேட்டார்கள்.

எங்கள் நகரசபையில் நான் கம்போஸ்ட் இன்ஸ்பெக்டர். பெங்களூருக்கு அனுப்பி ஆறு வாரம் படிக்கவைத்தார்கள். நீளமாக ஒரு குழி. அதில் ஊர்க்குப்பை ஒரு அடுக்கு, கக்கூஸ் வண்டியில் வருவது ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்பி, மேலே மண் போட்டு மூட வேண்டும். ஆறு மாதம் தொடக்கூடாது. அதற்குள் உள்ளே வெந்து, கிருமியும் புழுவும் செத்து, கறுப்பாக, உதிரியாக உரம் கிடைக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் அது உரமில்லை, வெறும் பீ. இதையே பெங்களூரில் இங்கிலீஷில் சொன்னார்கள். கேட்க மரியாதையாக இருந்தது.

ராஜபாய் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். புருஷனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "முனிசிபாலிட்டி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். என்னிடம் சொல்வது வேறு: "நீங்க குழியில போடுதத நாங்க வார்டுல அள்ளுதோம். ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்தான்."

ஜனவரி 20, செவ்வாய்

சுடலையாண்டிக்கு மூச்சு வாங்குகிறது. குழியில் இறங்கி அடுக்கு பரத்துகிற எட்டுப் பேரில் அவர்தான் மூத்தவர். நாற்பது வயதிருக்கும். நாலு கூடை கொட்டினால் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளங்கை வெளுத்துப்போய்க் காகிதம் மாதிரி இருக்கிறது. கால் விரலிடுக்கில் ஓயாத சொறி. வெறுங்காலோடு நாள் முழுவதும் அதற்குள்தானே நிற்கிறார்.

ராஜபாயிடம் சொன்னேன். கொக்கிப்புழுவாக இருக்கும், அது காலின் தோல் வழியாகத்தான் ஏறும், மலத்தைப் பரிசோதிக்க வேண்டும், கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். சுடலையாண்டி சிரித்துவிட்டார்.

"ஊருக்குள்ள பீயெல்லாம் இஞ்ச கெடக்கு. எனக்கதுதான் வேணுமாக்கும்?"

ஜனவரி 23, வெள்ளி

முந்தாநாள் சுடலையாண்டி தீப்பெட்டியில் வைத்து நூல் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு, என் சட்டைப்பையைப் பார்த்துத் தீப்பெட்டி கேட்டார். பழக்கதோஷம், கொடுக்கத்தான் கை போனது.

கொக்கிப்புழுவேதான். எட்டுப் பேரையும் பரிசோதித்ததில் ஏழு பேருக்கு இருக்கிறது. எட்டாவது ஆள் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது.

எல்லோருக்கும் பூட்ஸ் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்

ஐந்தாம் குழியை இன்று மூடினோம். ஐப்பசியிலிருந்து குழிகளில் மழைத்தண்ணீர் நின்றதால் மூன்று மாதம் எதையும் நிரப்ப முடியவில்லை. பதிவேட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி ஆகஸ்டில்தான் திறக்க வேண்டும்.

பிப்ரவரி 26, வியாழன்

நகரசபைத் தலைவர் பகவதியப்பன் கூப்பிட்டனுப்பினார். விஷுவுக்கு முந்தின சனிக்கிழமை காய்கறிக் கண்காட்சி. மந்திரி ஒருவர் வருகிறாராம். வைக்கிற காயெல்லாம் நம் நகரசபை உரத்தில் விளைந்ததாக இருக்க வேண்டுமாம். நாட்டின் உணவுப் பஞ்சத்தை நம் ஊர்க் கக்கூஸ் தீர்க்கும் என்றார். சிரிக்காமல் சொன்னார். என் பூட்ஸ் விண்ணப்பம் மேசையில்தான் கிடந்தது. அதன்மேல் வெற்றிலைச்செல்லம் உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் மத்தியாஸிடம் சொன்னேன். மத்தியாஸ் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஆலயத்தில் என் பெஞ்சில் கூசாமல் உட்காரக்கூடிய ஒரே ஆள் அவன்தான், ஆனால் ஆலயத்துக்கு வருவதில்லை. கண்காட்சிக்கு நடுவர்களில் ஒருவனாக அவனையும் போட்டிருக்கிறார்கள். மந்திரிக்குப் பூமாலை வேண்டாம், புடலங்காயைச் சுற்றிப் போடுவோம் என்றான்.

மார்ச் 9, திங்கள்

உரம் தீர்ந்துவிட்டது. மழைக்கு முன்னால் நிரப்பிய நாலு குழியும் காலி. கண்காட்சிக்குப் பயிரிட்டவர்கள் பூக்கிற நேரத்தில் இன்னொரு தடவை போட வேண்டும் என்று கேட்கிறார்கள். பகவதியப்பன் ஐந்தாம் குழியைத் திறக்கச் சொன்னார். மூடி முப்பத்தைந்து நாள்தான் ஆகிறது என்றேன்.

"கடுதாசியில ஆறு மாசம் இருந்தாப் போரும் ஓய். குழிக்கென்ன எழுத்தா தெரியும்?"

இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத ஆசையாக இருக்கிறது. எதிர்த்தேன், வாதாடினேன் என்று. நடந்தது அதுவல்ல. "சரிங்க ஐயா" என்றேன். என் அறைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். பிளேடால் சுரண்டி, 1953 பிப்ரவரி 2 என்பதை 1952 செப்டம்பர் 2 ஆக்கினேன். என் கையெழுத்து அழகானது. டிராயிங் மாஸ்டரே மெச்சியிருக்கிறான்.

சுடலையாண்டி மண்ணை விலக்கி, நீளக் கம்பியைக் குழிக்குள் செருகி எடுத்து, என்னைத் தொடச் சொன்னார். சுட்டது.

"இது இன்னும் ஆறல்ல சாரே. ஓரமெல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு."

திறக்கச் சொன்னேன். மருந்து குடித்து இப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஊறிய மனுஷன், மறுபடியும் வெறுங்காலோடு இறங்கினார்.

மார்ச் 10, செவ்வாய்

தாணம்மாள் மாட்டுவண்டியோடு வந்தார். ஓடைக்கரையில் வெள்ளரி பயிரிடுகிற விதவை. வாயும் நீளம், அவர் காய்க்கவைக்கிற வெள்ளரியும் நீளம். போன வருஷம் முதல் குழியைத் திறந்தபோது ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, முதலில் வண்டி கொண்டுவந்தவர் இவர்தான். இன்று ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது நாறுதே சாரே. போன தடவ உள்ளது நாறல்லியே."

சீட்டை எடுத்துக் காட்டினேன். நிரப்பிய தேதி, முத்திரை, என் கையெழுத்து. எழுத்துக்கூட்டி வாசித்தார். எழுதியிருந்தால் சரிதான் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்.

மார்ச் 11

நேற்று நன்றாகத் தூங்கினேன். அதுதான் ஆச்சரியம்.

ஏப்ரல் 11, சனி

கண்காட்சி முடிந்தது. மந்திரி வரவில்லை. வாழ்த்துச் செய்தி வந்தது. அதைப் பகவதியப்பன் இரண்டு தடவை வாசித்தார்.

தாணம்மாளின் வெள்ளரிக்காய்க்கு முதல் பரிசு. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். பரிசு கொடுத்த கையோடு, பகவதியப்பன் காய்களை அங்கேயே நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். கழுவினார்களா? யார் கழுவினார்கள். துண்டால் துடைத்தார்கள். மத்தியாஸ் மேடையில் நின்று ஒரு துண்டைக் கடித்துவிட்டு மைக்கில் சொன்னான்:

"நம்ம ஊரு முழுசும் இதுல உண்டு மக்கா."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தட்டு எங்கள் பக்கம் வந்தபோது ராஜபாய் கை நீட்டினாள். வேண்டாம், சளி பிடிக்கும் என்றேன். எனக்குக் கொடுத்த துண்டைக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். மேடை பத்தடி தூரம்தான். மத்தியாஸ் இன்னொரு துண்டு எடுத்தான்.

ஒன்றும் ஆகாது. எத்தனை பேர் என்னென்னவோ தின்கிறார்கள்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் கூடுதல் என்று ராஜபாய் சொன்னாள். ஒரே மாதிரிக் காய்ச்சல். படி ஏறுகிற மாதிரி நாளுக்கு நாள் ஏறுகிறதாம்.

ஏப்ரல் 30, வியாழன்

டைபாயிடு. பத்தொன்பது பேர். பகவதியப்பனும் படுத்துவிட்டார். மேடையில் அதிகம் தின்றவர் அவர்தான், அந்த ஒரு விஷயத்தில் அவர் நேர்மையானவர்.

மத்தியாஸுக்கும் ஒரு வாரமாகக் காய்ச்சல். பார்க்கப் போனேன். வெறும் ஜலதோஷம், சுக்குக் கஷாயம் குடிக்கிறேன் என்றான். ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்தினேன். ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் போயிருப்பான்.

சொல்லவில்லை.

மே 3, ஞாயிறு

இன்றுதான் மத்தியாஸை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாக்கு வெடித்து, கண் குழிந்து போயிருக்கிறது. இந்தக் காய்ச்சலுக்கு இப்போது புது மாத்திரை உண்டு, குளோரோமைசெட்டின். ஆஸ்பத்திரியில் இருந்தது போன வாரமே தீர்ந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்கு ஆள் போயிருக்கிறது. பகவதியப்பனுக்கு அது கார் ஏறி வந்து, அவர் எழுந்து கஞ்சி குடிக்கிறார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ராஜபாய் பக்கத்துக் கட்டிலில் ஒருத்திக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியாஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அந்த வெள்ளரிக்கா... எந்தக் குழி மக்கா?"

"பழுத்த குழிதான்லே."

"அப்பம் குத்தம் எனக்க வயித்துலதான்" என்று சிரிக்கப் பார்த்தான்.

அவனிடம்கூட. சாகக் கிடக்கிறவனிடம்கூட. நான் என்ன ஜென்மம்?

மே 13, புதன்

காலை பத்தரைக்கு மத்தியாஸ் போய்விட்டான். குடலில் ஓட்டை விழுந்துவிட்டதாம். மாத்திரை முந்தாநாள்தான் வந்தது.

மே 14, வியாழன்

அடக்கம். ஆலயத்துக்கே வராதவனுக்கு ஆலயம் கொள்ளாத கூட்டம். என் பெஞ்சிலும் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் வெளியே மதில் பக்கம் நின்றேன்.

மே 25, திங்கள்

மொத்தம் முப்பத்தொரு பேர் படுத்தார்கள். இரண்டு பேர் போனார்கள். மத்தியாஸ் ஒருவன், நெசவாளர் தெருவில் ஒரு பெண். அவள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

ஊருக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டாள். தாணம்மாள் ஓடையில் ஓடுகிற சாக்கடைத் தண்ணீரைப் பாய்ச்சினார், அதனால் வந்தது என்று பகவதியப்பன் சொல்லிவிட்டார். குரல் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லப் போதும். நேற்று யாரோ தாணம்மாளின் தோட்டத்தில் புகுந்து கொடி முழுவதையும் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். சந்தையில் அவர் கூடையைக் காலால் எத்தினார்களாம். இன்று ஓடைக்கரை வழியாகப் போனேன். தோட்டத்தில் தனியாக நின்று, பிடுங்கிய கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் கிணற்றுத் தண்ணீர்தான் பாய்ச்சுகிறார். இறைக்கிற துலா என் கண்ணெதிரே நிற்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து சுகாதார அதிகாரி விசாரணைக்கு வருகிறார். பகவதியப்பன் ஆள் விட்டுச் சொன்னார்: பதிவேடு ஒழுங்காகத்தானே இருக்கிறது? அது போதும், வாயைத் திறக்காமல் நீட்டினால் போதும் என்று.

ஜூன் 8, திங்கள்

ராஜபாய் யூனிஃபார்மை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கண்காட்சியில எனக்கு மட்டும் ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

சளி என்றேன்.

"எனக்குச் சளி இல்ல."

பிறகு யூனிஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றாள். ஒரு நர்ஸ் அப்படி நின்றால் நோயாளி எல்லாவற்றையும் கக்கிவிடுவான். கக்கினேன். குழி, தேதி, பிளேடு, சீட்டு, மத்தியாஸிடம் சொன்ன பொய், எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றாவது நினைத்தேன். மடித்த துணியை மறுபடியும் விரித்து மறுபடியும் மடித்தாள்.

"அங்க நின்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா, மத்தியாஸ் அண்ணன் கையில உள்ளதக் கீழ போட்டிருப்பாரு."

அவ்வளவுதான். டூட்டிக்குப் போய்விட்டாள். இன்று அவளுக்கு டூட்டி இல்லை.

ஜூன் 11, வியாழன்

விசாரணை, நகரசபைக் கூட்ட அறையில். அதிகாரி ஒல்லியாக, கண்ணாடி போட்டு, எதையும் அவசரமில்லாமல் பார்க்கிறவர். ஒரு பக்கம் பகவதியப்பன், மறுபக்கம் பெஞ்சில் ஓரமாகத் தாணம்மாள். ஓடைத் தண்ணீர் பற்றிப் பகவதியப்பன் அரைமணி நேரம் பேசினார். தாணம்மாள் கிணறு என்று ஆரம்பித்தபோதெல்லாம் யாராவது இருமினார்கள்.

பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். ஐந்தாம் குழிப் பக்கத்தில் விரலை ஓட்டினார். சுரண்டின இடத்தில் விரல் நின்றதா, நான் அப்படி நினைத்தேனா, தெரியாது. பக்கத்தைத் திருப்பப் போனார். திருப்பியிருந்தால் அதோடு நான் தப்பித்திருப்பேன்.

"அது நான் திருத்தின தேதி சார். மூடினது பிப்ரவரி ரெண்டு" என்றேன்.

குரல் எலி கத்துகிற மாதிரி வந்தது. வீரம் ஒன்றுமில்லை. யார் திருத்தச் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். பகவதியப்பன் தன் வாழ்நாளில் குழி என்ற சொல்லையே கேள்விப்படாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். எழுத்தில் ஏதாவது உத்தரவு உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை. எழுத்தில் இருப்பதெல்லாம் என்னுடையதுதான்.

பிறகு சுடலையாண்டியைக் கூப்பிட்டார்கள். சூடு ஆறவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன் என்றார். உள்ளதைத்தானே சொன்னார்.

ஜூன் 12, வெள்ளி

காலையில் தாணம்மாள் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து, "நானே வருவதாக இருந்தேன்" என்று ஆரம்பித்தேன். இந்த மானங்கெட்ட மனசு எப்போது திருந்தும்? முற்றத்திலேயே நின்றார். உட்காரச் சொன்ன ராஜபாயையும் பார்க்கவில்லை.

"நாறுதுன்னு நான் சொன்னேன்லா சாரே. எனக்கு மூக்கு இருந்தது. நீரு சீட்டக் காட்டுனீரு. நான் எனக்க மூக்க விட்டுட்டு உமக்க சீட்ட நம்புனேன். எனக்க கையாலதான் ஒவ்வொரு கொடி மூட்டுக்கும் அதை அள்ளி வச்சேன். எனக்க கையால."

இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கைகளை இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. வேலையை விட்டு நீக்கவில்லை. இந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்காது என்பதுதான் காரணமாக இருக்கும். இனி நான் இன்ஸ்பெக்டர் இல்லை, குழி மேஸ்திரி. என் இடத்துக்கு ஆபேல் என்று ஒருவர் வந்திருக்கிறார். பெங்களூரில் படித்து நேராக வந்தவர், சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. பகவதியப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுகம் பெற்றதற்காக மண்டைக்காட்டுக் கோயிலுக்குப் போய் நேர்ச்சை செலுத்திவிட்டு வந்தார்.

ஐந்தாம் குழியில் மிச்சமிருந்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கையோடு பூட்ஸும் வந்தது: எட்டுப் பேருக்கு இரண்டு ஜோடி. ஆளுக்கு அரைக்கால் என்று பங்கு போடலாமா என்று சுடலையாண்டி கேட்டார். இப்போதைக்கு முறைவைத்துப் போடுகிறார்கள். ஆறு பேர் வெளியே, இரண்டு பேர் உள்ளே.

ராஜபாய் பேசுகிறாள். கேட்டதற்கு மட்டும்.

ஆகஸ்ட் 10, திங்கள்

ஆறாம் குழி மூடினோம். ஆபேல் தேதி எழுதினார். நான் தள்ளி நின்றேன்.

நவம்பர் 22, ஞாயிறு

நெசவாளர் தெருப் பெண்ணின் பெயர் செல்லபாய். இரண்டு பிள்ளைகள். இன்று ராஜபாய் என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் ஜூலையிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறாளாம், எனக்குத் தெரியாது. செல்லபாயின் புருஷன் தறியை நிறுத்தவில்லை. நான் யார் என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. அரைமணி நேரம் நின்றேன்.

1954 பிப்ரவரி 15, திங்கள்

விசாரணை அதிகாரியின் அறிக்கையில் ஒரு விதி இருக்கிறது. குழியைத் திறக்குமுன் உரம் வாங்குகிறவர்களில் ஒருவர் வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அதற்கு ஆள் கேட்டுத் தண்டோராப் போட்டதில் ஒரே ஒருவர்தான் வந்தார். தாணம்மாள். இப்போது அவர் வெள்ளரி போடுவதில்லை, வாழை வைத்திருக்கிறார். கீரைக்கும் பச்சையாகத் தின்கிற காய்க்கும் இந்த உரம் இனிமேல் கிடையாது என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

காலையில் வந்தார். என்னைப் பார்க்காமல் குழிக்குப் போனார். சுடலையாண்டி நடுவில் ஒரு இடம், ஓரத்தில் இரண்டு இடம் தோண்டிக் காட்டினார். நடுவில் உள்ளது காப்பித்தூள் மாதிரி இருந்தது. ஓரத்தில் வாழைமட்டை நார் நாராக அப்படியே கிடந்தது. தாணம்மாள் அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். அறவில்லை.

"ஆகல்ல" என்றார்.

ஆபேலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு மாதம் முடிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, வாசலில் மூன்று வண்டி காலையிலிருந்து நிற்கிறது, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இவர்களுக்கு என்ன பதில் சொல்ல என்று படபடவென்று பேசினார். நடுவில் உள்ளதை மட்டுமாவது ஏற்றிவிடலாமே என்று என்னைப் பார்த்தார். இதில் அனுபவசாலி நான்தானே.

தாணம்மாள் அந்த நாரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். என் முகத்தைப் பார்த்தார், ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக.

மண்வெட்டியை எடுத்துத் தோண்டின இடத்தையெல்லாம் மூடினேன். பிறகு வாசலுக்குப் போய், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று வண்டிக்காரர்களிடம் சொன்னேன். நாலு மணிக்கே மாடு பூட்டிப் புறப்பட்டவர்கள். என் அப்பனையும் அப்பனுக்கு அப்பனையும் நன்றாக விசாரித்துவிட்டு, வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மூன்றும் வளைவு திரும்பி மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்தினேன்.